கவிழ்த்துப் பார்த்து வாங்கு

அன்புள்ள யாழினிக்கு,

தம்பிக்குக் கம்ப்யூட்டர் தேடும் பொறுப்பை உன் அப்பா உன்னிடமே விட்டுவிட்டதாகச் சொன்னார். சரியான ஆளிடம்தான் விட்டிருக்கிறார். இரண்டாம் வகுப்புப் பையன் எதை எப்படி உடைப்பான் என்பது அந்த வீட்டில் உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் திரையும் பளபளக்கிற மூடியும்தான் தெரிகின்றன. அடிப்பக்கத்தை ஒரு படத்திலும் காணோம்.

உடையாத கம்ப்யூட்டரைத் தேடாதே, கிடைக்காது. எது முதலில் உடையும், அதைத் தனியாக மாற்ற முடியுமா, மாற்றத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று கேள். 20,000 ரூபாய்க்குள் வாங்க வேண்டும் என்கிறபோது இந்த மூன்று கேள்விகள்தான் முக்கியம்.

இந்தக் கோணத்தில் குழந்தைக்கென்றே யோசித்துச் செய்த கருவி ஒன்று இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபான்டி, வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தருவோம் என்று 2005-இல் டாவோஸில் அறிவித்தார். ‘ஒன் லேப்டாப் பெர் சைல்ட்’ என்று திட்டத்துக்குப் பெயர். எக்ஸ்ஓ என்ற அந்தக் கருவி 2007 கடைசியில் தயாராகி வந்தபோது விலை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. அதற்காகவே பலர் கேலி செய்தார்கள். ஆனால் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கேலி செய்யத் தோன்றாது. பச்சையும் வெள்ளையுமான பெட்டி, தூக்கிக்கொண்டு போக ஒரு கைப்பிடி. கீபோர்டு முழுவதும் ஒரே ரப்பர் தகடு என்பதால் தண்ணீர் கொட்டினாலும் இடுக்கில் இறங்காது. சுழலும் ஹார்டு டிஸ்க் இல்லை, ஃபேன் இல்லை. வைஃபை ஆன்டெனாக்கள் இரண்டையும் மடக்கினால் அவையே யூஎஸ்பி துளைகளுக்கு மூடியாகிவிடும். மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரையை வெயிலில் வைத்தால் கறுப்பு வெள்ளையில் தெளிவாகப் படிக்கலாம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தக் கைப்பிடி. அதற்குள் உபரியாகச் சில ஸ்க்ரூக்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கழற்றுவார்கள், கழற்றினால் தொலைப்பார்கள் என்று தெரிந்தே செய்தது அது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும், பிரித்துவிடலாம்.

உருகுவே நாடு 2009-க்குள் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைக் கொடுத்தது. பெருவும் லட்சக்கணக்கில் வாங்கியது. ஆனால் அங்கே நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தபோது, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை என்று தெரிந்தது. பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கத்தில் ஆள் வேண்டும். உன் விஷயத்தில் அந்த ஆள் நீதான், தப்பிக்க முடியாது.

எக்ஸ்ஓவை இப்போது வாங்க முடியாது. அந்தப் புத்தி எதில் இருக்கிறது என்று பார்ப்போம்.

டேப்லெட்டில் இல்லை. கீழே விழுந்தால் முதலில் போவது கண்ணாடி. ஒட்டி மூடிய பெட்டி என்பதால் பேட்டரி மாற்றுவதும் பெரும்பாடு. 2011-இல் இந்திய அரசு ‘ஆகாஷ்’ என்று ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்தது. மாணவர்களுக்கு 2,000 ரூபாய்க்கும் கீழே என்ற விலை எல்லோரையும் பேசவைத்தது. அழுத்தினால்தான் கேட்கும் திரை, 256 எம்பி ரேம் என்று வந்த அந்த முதல் கருவியைப் பலரும் விரும்பவில்லை. மேலும், தம்பி தட்டச்சுப் பழக வேண்டும், படம் வரைய வேண்டும் என்கிறாய். டேப்லெட்டைக் கொடுத்தால் வீடியோதான் பார்ப்பான்.

நீ அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் புத்தம்புது மலிவு லேப்டாப்கள். பெட்டியில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருக்கிறதா பார். இஎம்எம்சி என்றால் சேமிப்புச் சில்லை மதர்போர்டோடு சேர்த்தே சால்டர் செய்துவிட்டார்கள் என்று பொருள். பெரும்பாலும் ரேமும் அப்படித்தான். இரண்டு வருஷத்தில் இடம் போதவில்லை என்றாலும் சில்லு போய்விட்டது என்றாலும் மாற்ற வழியில்லை, முழு மதர்போர்டையே மாற்ற வேண்டும். பெட்டியில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று அச்சடித்திருந்தால் மயங்காதே. மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனைகளைச் செய்வது என்று நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சான்றிதழ் தரும் தனி அமைப்பு எதுவும் கிடையாது.

நான் சொல்வது பழைய ஆபீஸ் லேப்டாப். கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிப்பவை: திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக். நாள் முழுக்க அடித்துத் துவைக்கிற ஊழியர்களுக்காகச் செய்தவை என்பதால் கீல் உறுதியாக இருக்கும். உதாரணத்துக்கு 2018-இல் வந்த திங்க்பேட் டி480: ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம், பின்பக்க பேட்டரியை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே கழற்றலாம், கீபோர்டு சிந்திய தண்ணீரைத் தாங்கும்படி செய்தது. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று காட்டும் பராமரிப்புக் கையேட்டைத் தயாரிப்பாளரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். கைப்பிடிக்குள் ஸ்க்ரூ வைத்தவர்களின் புத்தி கொஞ்சம் இதிலும் இருக்கிறது.

கடையில் முதலில் பிராசசரின் எண்ணைக் கேள். ஐ5-8350யு என்றிருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 தலைமுறையைக் குறிக்கிறது. ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பழையதிலும் குறுக்குவழியில் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. ‘ஓடுதும்மா, பாரு’ என்பார்கள். வேண்டாம். பழைய பிராசசர்தான் கிடைக்கிறது என்றால் லினக்ஸ் போடு, தம்பிக்கு வித்தியாசமே தெரியாது.

அப்புறம் கவிழ்த்துப் பார். ஸ்க்ரூ ஏதாவது காணோமா, தலை தேய்ந்திருக்கிறதா? நிமிர்த்தி, மூடியை ஒரு கையால் மெதுவாகத் திற. கீல் இருக்கும் மூலையில் பிளாஸ்டிக் விரிந்தால் வைத்துவிட்டு வா. சார்ஜர் பின்னைச் செருகி லேசாக ஆட்டு, சார்ஜ் விட்டு விட்டு வரக்கூடாது. எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டு. பேட்டரி அறிக்கை எடுக்கச் சொல்: புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கும். இரண்டாவது எண் பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசு. இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். மெஷினை அணைத்துவிட்டுப் போட்டு எஃப்1 அல்லது எஃப்2 (எலைட்புக் என்றால் எஃப்10) அழுத்தி பயாஸுக்குள் போ. பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை. அதை வாங்காதே.

அரசு முத்திரை பதித்த லேப்டாப்பை யாராவது மலிவாகத் தர வந்தால் தொடவே தொடாதே. அது ஏதோ ஒரு பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டாக்கு. அட்மின் பாஸ்வேர்டு அப்பாவிடம் இருக்கட்டும். டக்ஸ் பெயின்ட் போட்டுக்கொடு. 2002-லிருந்து இருக்கிற இலவச ஓவியச் செயலி, நெட் இல்லாமலும் ஓடும். தமிழ்99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது, சேர்த்துவிடு. ஆங்கிலம் அடிக்கிற கை தமிழும் அடிக்கட்டும். கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மேஜையில் வை. சார்ஜர் வயர் நடக்கிற வழியில் குறுக்கே கிடந்தால், மூன்று மாதத்தில் யாராவது தடுக்கி இழுத்து பின் போய்விடும்.

உன் அப்பா சென்னைக்கு வரும்போது உன்னையும் கூட்டிவரச் சொல், கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குச் சேர்ந்து போவோம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். பில் தராத கடையில் வாங்கப்போவதில்லை, அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா