கிறிஸ்துமஸ் விருந்தும் வான்கோழிப் பண்ணையும்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்தின் தலையாய உணவு வான்கோழியாகும். உண்பவர்க்கு அது ஒருநாள் விருந்து. பண்ணையாளருக்கோ ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. டிசம்பர் 26-ஆம் நாள் அதே பறவையை விரும்பி வாங்க ஆளிருக்காது என்பதுதான் இத்தொழிலிலுள்ள பெரிய அச்சம்.

வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கியின் பெயர் அமைந்தது ஒரு வேடிக்கையே. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. இருப்புப்பாதை இல்லாத காலத்தில், நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலிருந்து லண்டன் வரை இவற்றை மந்தை மந்தையாக நடத்தியே கொண்டுசென்றனர். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய தானியத்தை மேய்ந்துகொண்டே அவை நடந்தன. டேனியல் டிஃபோ 1720-களில் எழுதிய பயண நூலில் இம்மந்தைகளைக் குறிப்பிட்டுள்ளார்.

இன்று பண்ணையாளர் நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். மெதுவாக வளரும் கறுப்பு, வெண்கல நிற இனங்கள் உரிய எடை பெற ஐந்து முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே ஒருநாள் குஞ்சுகள் ஜூன், ஜூலையில் பண்ணைக்கு வந்தாக வேண்டும். முட்டை பொரிய 28 நாட்கள்; கோழிக்கு 21 நாட்களே என்பது நாம் அறிந்ததே. பகற்பொழுது நீளும் வசனந்த காலத்தில் இடுவதே வான்கோழியின் இயல்பு. தாய்ப்பறவைகளையோ முந்தைய ஆண்டிலேயே வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். மார்புச் சதைக்காகத் தேர்ந்து பெருக்கிய வெள்ளை இனத்தில் சேவல்கள் மிகப் பருத்து, இயற்கையாகக் கூட இயலாமற் போயின. அவ்வினம் செயற்கைக் கருவூட்டலால்தான் பெருகுகிறது!

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. கோழிகள் திரிந்த நிலத்தில் அவற்றை விடலாகாது. ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஓரணு ஒட்டுண்ணி, கோழியின் குடல்வாலில் வாழும் புழுவின் முட்டைக்குள் புகுந்து மண்ணில் நெடுநாள் உயிர்த்திருக்கும். கோழிக்கு அதனால் பெரும் தீங்கில்லை. வான்கோழிக்கோ ஈரலைத் தாக்கிக் கொல்லும். ஒட்டுண்ணியியல் பாடத்தில் ஒரு பத்தியில் படித்து முடிக்கும் இச்செய்தி, அங்கே ஒருவருடைய ஆண்டு வருமானம்.

டிசம்பர்த் தொடக்கத்தில் ஆட்கள் திரள்வர். பழைய முறையில் இறகுகளை உலர்நிலையிலேயே பிடுங்கி, குளிரறையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ தொங்கவிடுவர். இறைச்சி மென்மையும் சுவையும் பெறும். இவ்வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளரே பெரிதும் வந்தனர். 2021-இல் ஆட்பற்றாக்குறையால், 5,500 கோழிப்பண்ணைத் தொழிலாளர்க்குத் தற்காலிக அனுமதி வழங்க அரசு முன்வந்தது.

2022-இல் நேர்ந்தது அதனினும் கொடிது. பறவைக் காய்ச்சல் பரவி, கிறிஸ்துமஸுக்கென்று திறந்தவெளியில் வளர்த்த வான்கோழிகளில் ஏறத்தாழ பாதி மாண்டன அல்லது கொல்லப்பட்டன. நவம்பர் 7 முதல் இங்கிலாந்து முழுதும் பறவைகளை அடைத்து வைக்க ஆணை பிறந்தது. நலமான பறவையைக் கொன்றால் இழப்பீடு உண்டு. நோயால் தானே இறந்ததற்கு இல்லை. இந்நோயோ சில நாட்களிலேயே ஒரு கொட்டகையைக் காலியாக்கவல்லது. முன்கூட்டியே கொன்று உறையவைத்து, நவம்பர் 28-க்குப் பின் உறைவு நீக்கி விற்கலாம் என்று அரசு அவ்வாண்டு சலுகை தந்தது. உறைபதன அறை உள்ள பெரிய நிறுவனங்களுக்கு அது உதவும். புதிய இறைச்சி என்னும் நற்பெயரை நம்பி, வாடிக்கையாளரிடம் முன்பதிவு பெற்று வளர்த்த சிறு பண்ணையாளருக்கு அதனால் எவ்வளவு பயன் இருந்திருக்கும்?