டி டிரைவைக் காணோமா? முதலில் கையை எடுங்கள்

விண்டோஸை மறுபடி போடும்போது திரையில் வரும் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3', 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 4' என்று வெறும் எண்கள்தான். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கவே, தப்பான வரியைத் தேர்ந்தெடுத்து 'டெலிட்' அழுத்திவிட்டேன். போனது டி டிரைவ். அதற்குள் கிளையன்ட்டுகளின் டேலி கணக்கு மொத்தமும் இருந்தது. அந்த வரி 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்று மாறியதும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

அப்போது வேறு எதையும் அழுத்தாமல் பவரை அணைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பார்ட்டிஷன் போனால் கோப்புகள் போய்விட்டதாக அர்த்தமில்லை. பழைய எம்பிஆர் முறையில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் வெறும் 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை. 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். பதிவேட்டில் பக்கம் கிழிந்தாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கும். புதிய ஜிபிடி முறை, அட்டவணையின் பிரதி ஒன்றை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். ஆனால் நாமே 'டெலிட்' கொடுத்தால் இரண்டு இடத்திலும் அழிந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' கொடுத்தவர்களுக்கும் இதே நிலைதான். 'கிளீன் ஆல்' கொடுத்தவர்கள் மேலே படிக்க வேண்டாம். அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும்.

நிலம் கெடுவது, அதன் மேல் வேறு வீடு கட்டும்போதுதான். 'ஃபார்மட் செய்யவா?', 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கவே கூடாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுங்கள்.

அடுத்து, மேலதிகாரியிடம் சொல்லுங்கள். பலர் இதைத் தள்ளிப்போட்டுத்தான் கெடுக்கிறார்கள். "சார், டி டிரைவ் போயிடுச்சு, நான்தான் தப்பா அழுத்தினேன். சிஸ்டத்தை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், யாரும் ஆன் பண்ண வேணாம். சாயங்காலத்துக்குள்ள நிலவரம் சொல்றேன்." இவ்வளவு போதும். சொல்லாமல் விட்டால், நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் யாராவது அதை ஆன் செய்து, நல்ல மனதோடு ஃபார்மட் அடித்து வைப்பார்.

வேலையைத் தொடங்குமுன் டிஸ்க்கை முழுதாக நகலெடுங்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ ஓட்டினால், படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும். மேப் கோப்பு கொடுத்திருந்தால் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நொடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 1 டிபிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். எது மூலம், எது நகல் என்று இரண்டு முறை பாருங்கள். மாறிப்போனால் காலி டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்படும். டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் இதெல்லாம் வேண்டாம். நிறுத்திவிட்டு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

நகல் கையில் வந்ததும் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள் இது. கறுப்புத் திரை, மவுஸ் வேலை செய்யாது, பயப்பட வேண்டாம். அட்டவணை வகையை அதுவே ஊகித்துச் சொல்லும். 'அனலைஸ்', பிறகு 'குயிக் சர்ச்'. பழைய பார்ட்டிஷன் தென்பட்டால் 'பி' விசையைத் தட்டுங்கள். உள்ளே உங்கள் கோப்புப் பெயர்கள் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உடனே 'ரைட்' கொடுக்கத் துடிக்காதீர்கள். முதலில் தேவையானவற்றை வேறு டிரைவுக்கு நகலெடுங்கள். எதுவும் அகப்படவில்லையென்றால் 'டீப்பர் சர்ச்', பொறுமை தேவை.

டெஸ்ட்டிஸ்க்கோடு வரும் ஃபோட்டோரெக் கடைசி ஆயுதம்தான். அட்டவணையைப் பாராமல் கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடும்; ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், அதுபோல. படம் கிடைக்கும், பெயரும் கோப்புறையும் கிடைக்காது. கல்யாண ஆல்பம் செய்பவருக்கு அது போதும். டேலிக்கு உதவாது: எண் பெயரிட்ட கோப்புறைக்குள், சரியான பெயரோடு கோப்புகள் இருந்தால்தான் அது கம்பெனியைத் திறக்கும்.

எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் ட்ரிம் கட்டளை அனுப்பும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் பெரும்பாலும் பயனில்லை. பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் தேடி எடுத்து வையுங்கள்.

என்னுடையது சாதாரண ஹார்டு டிஸ்க். குயிக் சர்ச்சிலேயே டி டிரைவ் வந்துவிட்டது; சாயங்காலம் டேலி திறந்தது.

இன்றே டெஸ்ட்டிஸ்க்கை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு, மேசை டிராயரில் வையுங்கள். டிரைவ் காணாமல் போன பிறகு தேடினால், அதை இறக்குவதற்கு உங்களிடம் இருக்கும் இடம் அதே டிஸ்க்காகத்தான் இருக்கும்.