ஒரே விடைக்கு ஒரே மதிப்பெண்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் விடுதியில் எழும் பேச்சை யாவரும் அறிவோம். “அவன் தாள் தாராளக் கையில் விழுந்தது, என் தாள் கருமிக் கையில் விழுந்தது” என்பார்கள். அரசியல் பாடம் பயிலும் நண்பர்களிடம் இக்குறை மிகுதி. கணக்கில் விடை சரி, அல்லது தவறு. ஆளுநரின் அதிகாரத்தைப் பற்றிய கட்டுரைக்கு அப்படி ஓர் அளவுகோல் உண்டா?

ஆராய்ச்சி மாணவனான பின், இளங்கலை மாணவரின் பயிற்சி விடைகளைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபது விடைகளைத் திருத்தி, மதிப்பெண்களைத் தனித்தாளில் குறித்தேன். இரண்டு வாரம் கழித்து, அக்குறிப்பைப் பாராமல் மீண்டும் திருத்தினேன். முதன்முறை 15-க்கு 10 பெற்ற ஒரு மாணவி, இரண்டாம் முறை 7 பெற்றார். விடை மாறவில்லை; மாறியவன் நான். முதன்முறை ஒரு மோசமான விடையை அடுத்து அதைப் படித்தேன். மறுமுறை ஒரு சிறந்த விடையை அடுத்துப் படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்நோய் எனக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்னும் இருவர் 1935-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 15 தேர்வாளர்களிடம் கொடுத்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன! ஓராண்டுக்கு மேல் கழித்து அவர்களுள் 14 பேர் அதே தாள்களைத் திருத்தியபோது, 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன.

இதற்கு மருந்து என்ன? உத்தரப் பிரதேச அரசுப் பணித் தேர்வாணையத்துக்கு எதிரான சஞ்சய் சிங் வழக்கில், 2007-இல் நம் உச்ச நீதிமன்றம் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தது. முதலில் தலைமைத் தேர்வாளரும் பிற தேர்வாளர்களும் கூடி, வினாக்களையும் மாதிரி விடைகளையும் ஆராய்ந்து, எப்பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என முடிவு செய்கின்றனர். சில தாள்களை மாதிரிக்காகத் திருத்தி ஒப்பிடுகின்றனர். பிறகு ஒவ்வொருவரும் திருத்தியவற்றில் சிலவற்றைத் தலைவர் மீண்டும் பார்க்கிறார். ஒருவர் எப்போதும் கடுமையாகவோ தாராளமாகவோ இருந்தால், அவர் அளித்த மதிப்பெண்கள் ஒரே சீராகக் கூட்டவோ குறைக்கவோ படுகின்றன. ஒருவர் நிலையின்றித் தாறுமாறாக அளித்திருந்தால், கூட்டிக் கழித்துப் பயனில்லை. அத்தாள்களை வேறொருவர் திருத்தவேண்டும். கடுமை திருத்தத்தக்க குற்றம். நிலையின்மையே பெருங்குற்றம் என்பது இதன் கருத்து.

நானும் ஒரு திட்டம் வகுத்தேன். ஆளுநரின் விருப்புரிமை கூட்டாட்சிக்கு உகந்ததா என்பது வினா. அரசியலமைப்பின் 163-ஆம் பிரிவு முதலிய விதிகளுக்கு 4. 1988-இல் வந்த சர்க்காரியா குழு அறிக்கை, 1994-இல் வந்த பொம்மை வழக்குத் தீர்ப்பு போன்ற சான்றுகளுக்கு 4. இரு தரப்பு வாதங்களையும் சீர்தூக்குவதற்கு 4. காரணத்தோடு கூடிய முடிவுக்கு 3. ஆளுநரை ஆதரித்தாலும் எதிர்த்தாலும் மதிப்பெண் ஒன்றே. பெயரை மறைத்து, கட்டின் வரிசையைக் கலைத்து, மீண்டும் திருத்தினேன். அம்மாணவிக்கு 9 வந்தது. சில நாள் கழித்துப் பார்த்தேன், அப்போதும் 9. அதனையே பதிவு செய்தேன்.

நண்பர்களே, இதில் நமக்கும் பாடம் உண்டு. ஆங்கிலம் அயல்மொழி என்னும் அச்சத்தால் நம்மவர் பலர் முன்னுரையை அலங்கரிப்பதில் ஒரு பக்கத்தைச் செலவிடுகின்றனர். திட்டம் வைத்துத் திருத்துபவர் அலங்காரத்துக்கு மதிப்பெண் தேடமாட்டார். விதி எங்கே, சான்று எங்கே, எதிர்வாதம் எங்கே என்றுதான் தேடுவார். அவற்றைத் தனித்தனிப் பத்திகளில், கண்ணில் படும்படி வையுங்கள்.

அப்படியும் ஐயம் எழுந்தால், வாளா இருக்கவேண்டா. தகவல் உரிமைச் சட்டத்தின்படி, திருத்தப்பட்ட தம் விடைத்தாளைக் காணும் உரிமை மாணவர்க்கு உண்டென 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுமதிப்பீடு பெறுவது அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. ஆயினும், தாளைக் கண்டபின் பேசுவது நியாயம். காணாமல் ‘கை’யைப் பழிப்பது வீண்பேச்சு.