பாங்காக் போகிறீர்களா?

கிராண்ட் பேலஸ் பக்கம் போனதுமே, "இன்று அரண்மனை லீவு, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று சிரித்த முகத்தோடு ஒருவர் வருவார். டுக்-டுக் கட்டணமும் சல்லிசாகச் சொல்வார். ஏறினால், நகைக்கடையில் கொண்டுபோய் நிறுத்துவார்! காதில் வாங்காமல் நேரே டிக்கெட் கவுன்ட்டருக்கு நடையைக் கட்டுங்கள்.

காலை 8.30க்குத் திறக்கிறார்கள், வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஸ்லீவ்லெஸ் போட்டு மேலே துப்பட்டா போர்த்தினால் செல்லாது. நம் சுடிதாரே போதும்.

அடுத்து வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரின் முகத்தோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள வாட் அருண் கோயிலுக்கு டாக்ஸி வேண்டாம். தா தியன் படித்துறையில் படகேறினால் சில நிமிடம்தான்.

சைவமா? மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்றிருக்கும் கடையில் தைரியமாகச் சாப்பிடலாம். வெங்காயம், பூண்டுகூட இருக்காது.