தகரக் கூரையில் தளர்ந்த ஆணி

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் வருகின்றன. கிரிவலப் பாதையில் மழை பிடித்தால் மக்கள் ஒதுங்குவது கடைகளின் தகரக் கூரையின் கீழேதான். சுற்றுவட்டக் கிராமங்களில் மாட்டுக் கொட்டகைக்கும் பம்பு செட்டு அறைக்கும் அதே கூரைதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் கடலோரத்தோடு நில்லாமல் நம் மாவட்டத்தையும் வருத்தியதை மறந்திருக்கமாட்டோம். எனவே புரட்டாசி முடியுமுன் கூரை ஆணிகளைப் பார்த்துவிடுதல் வேண்டும்.

ஆணி தளர்வதற்கு வெயிலே முதற்காரணம். 3 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு நிகழ, துளை அகன்று ஆணி ஆடத் தொடங்கும். மரச்சட்டம் காய்ந்து சுருங்கினாலும் பிடி விடும்.

காற்று கூரையை அழுத்துவதாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் மேலே விரைந்தோடும் காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. பக்கம் திறந்த கொட்டகையாயின் உட்புகுந்த காற்றும் கீழிருந்து தூக்குகிறது. இறவாரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் இவ்விசை மிகுதி. ஆதலின் ஆய்வை அங்கே தொடங்குக. தகடு பறவாதிருக்கக் கல்லை ஏற்றி வைப்போரும் உளர். தகடு எழும்போது அக்கல் யார் தலையில் விழும் என்று அவர்கள் எண்ணுவதில்லை!

எழும்பிய ஆணியைப் பழைய துளையிலேயே அடித்து இறக்குதல் பழுதுபார்த்தல் ஆகாது. அது மீண்டும் எழும்பும். அதைப் பிடுங்கிவிட்டு, சற்றுப் பருமனும் நீளமும் மிக்க திருகாணியை, துளையை நன்கு மூடும் புதிய ரப்பர் வாஷருடன் முடுக்குக. சட்டம் உளுத்திருந்தால் எந்தத் திருகாணியும் நில்லாது, சட்டத்தையே மாற்றவேண்டும். கொக்கி போல்ட்டு தகட்டின் மேட்டில் அமைதல் வேண்டும். பள்ளத்தில் அமைந்தால் நீர் இறங்கும். வாஷர் சிறிது அமுங்கும்வரை முடுக்கினால் போதும்.

சிமெண்டு ஷீட்டு எனப்படும் பழைய கல்நார்க் கூரையில் கால் வைத்தல் பேராபத்து. அது சொல்லாமல் உடையும். சட்டங்களின்மேல் குறுக்கே பலகையிட்டு, இடையில் கயிறு கட்டியே ஏறவேண்டும். அதில் புதிதாகத் துளையிடுதலும் தகாது. கல்நார்த் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். உடைந்ததை ஒட்டுப்போடுவதினும் மாற்றுவதே மேல். செலவு கூடுதலே எனினும் இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

அங்கன்வாடி, சத்துணவுக் கூடம் ஆகியவற்றின் கூரைகளை ஊராட்சி உறுப்பினர்கள் நேரிற்சென்று பார்த்து, மாற்றவேண்டிய தகடுகளின் எண்ணிக்கையை அக்டோபர் 2 கிராம சபையில் வைத்தால், ஐப்பசி மழை வலுக்குமுன் வேலையை முடித்துவிடலாம்.