ஒரு பென்சில் பெட்டி, மூன்று வகைத் தானம்

இந்த மாத வகுப்புப் பாடத்தை என்னுடைய ஒரு தவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்பு நாங்கள் ஆறு பேர் பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகப் போய்ப் பள்ளிப் பொருள்கள் சேர்த்தோம். பென்சில் பெட்டி, நோட்டுப் புத்தகம், பள்ளிப் பை என்று மொத்தம் ஒன்பது அட்டைப் பெட்டிகள். கே.எல். சென்ட்ரலில் கொமூட்டர் ஏறி, கிள்ளானில் இருக்கும் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பின்னால் நம்ம பதாகையைப் பிடித்து, ஆளுக்கொரு பொருளைக் கொடுத்துப் படம் எடுத்தோம். புலனத்தில் நல்ல பாராட்டு.

கிளம்பும்போது இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பொருளறையைத் திறந்து காட்டினார். ஒரு சுவர் முழுக்கப் பள்ளிப் பைகள். "எல்லாரும் பைதான் தம்பி கொண்டு வர்றாங்க. பிள்ளைங்களுக்குச் சப்பாத்து பத்தல. ஒரு போன் அடிச்சுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றார்.

பொறியியல் படிக்கிறவன் நான். எதையும் வடிவமைக்கும் முன்பு தேவை என்ன என்று எழுது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். அதையே மறந்துவிட்டேன். பிறகு, இதை ஒழுங்காகச் செய்தவர்கள் யார் என்று தேடினேன். நான் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைத்தார்கள்: ராணுவ வீரர்கள்.

2003-இல் ஈராக் போர் தொடங்கியது. அங்கே போன அமெரிக்க வீரர்கள் பலர், முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பென்சில்கூட இல்லாததைப் பார்த்து ஊருக்கு எழுதினார்கள். குடும்பமும் நண்பர்களும் பொருள் சேர்த்து அனுப்பினார்கள். நடிகர் கேரி சினிஸும் எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்டும் 2004-இல் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மக்கள் கட்டிக் கொடுத்த பள்ளிப் பொருள் பொட்டலங்களை வீரர்கள் பிள்ளைகளிடம் சேர்த்தார்கள்.

நம் நாட்டு வீரர்களுக்கும் இது புதிதல்ல. லெபனானில் ஐ.நா. அமைதிப் படை 1978 முதல் இருக்கிறது. மலேசியா அதில் சேர்ந்தது 2007-இல். தெற்கு லெபனானில் பணியாற்றும் நம் அணிக்குப் பெயர் மால்பாட். அந்தப் படையில் 'சிமிக்' என்றொரு பணி உண்டு. ஊர் மக்களோடு பேசி, மருத்துவ முகாம், பள்ளிப் பொருள், மின்விளக்கு, தண்ணீர் வசதி போன்ற சின்னச் சின்ன உதவிகளைச் செய்வது அதன் வேலை. இந்திய அணி ஆடுமாடுகளுக்கு மருத்துவம் பார்க்கிறது. விவசாய ஊரில் அதுதானே பெரிய உதவி! இங்கே கவனிக்க வேண்டியது, உள்ளூர் ஊராட்சியோடு பேசித்தான் இந்த வேலைகளைத் திட்டமிடுகிறார்கள். நாங்கள் அடிக்காமல் விட்ட அந்த ஒரு போன் இதுதான்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. 2004-இல் தெற்கு ஆப்கானிஸ்தானில் கூட்டுப் படையினர் துண்டறிக்கைகள் கொடுத்தார்கள். உதவி தொடர்ந்து வரவேண்டுமானால் தாலிபான் பற்றித் தகவல் கொடுங்கள் என்பது அதன் சாரம். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு இதைக் கடுமையாகக் கண்டித்தது. சோறும் மருந்தும் தகவலுக்கு விலையானால், உதவி செய்யும் எல்லாரையும் மக்கள் ஒரு தரப்பின் ஆளாகத்தான் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கவலை. அதே ஆண்டு ஜூன் 2-இல் அவர்களுடைய ஊழியர்கள் ஐவர் அந்நாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில், 24 ஆண்டுகளாக வேலை செய்த நாட்டை விட்டு அந்த அமைப்பு வெளியேறியது.

இப்போது பகவத் கீதைக்கு வருவோம். 17-ஆம் அத்தியாயம், 20 முதல் 22 வரையுள்ள சுலோகங்களில் தானம் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. கடமை என்று எண்ணி, திரும்ப எதையும் எதிர்பாராமல், தகுந்த இடத்தில், தகுந்த நேரத்தில், தகுந்தவருக்குக் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ கொடுப்பது ராஜசம். இடம், காலம், ஆள் பார்க்காமல், மரியாதையின்றிக் கொடுப்பது தாமசம். திருக்குறளில் 'ஈகை' அதிகாரத்தின் முதல் குறளும், பதிலை எதிர்பார்த்துக் கொடுப்பதை ஈகைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அந்தத் துண்டறிக்கை எந்த வகை? சந்தேகமே இல்லை, ராஜசம். லெபனானில் செய்வது? அங்கேயும் முழுக்க எதிர்பார்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஊர் மக்களின் நம்பிக்கை இருந்தால்தான் வீரர்களால் வேலை செய்ய முடியும். ஐ.நா.வும் அதை மறைப்பதில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே? நான் ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: வாங்குகிறவர் நமக்கு எதுவுமே தராவிட்டாலும் அந்தப் பொருள் அவருக்குக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், நோக்கம் கொஞ்சம் கலந்திருந்தாலும் அது தானம்தான். கிடைக்காது என்றால் அது வியாபாரம்.

அதே கேள்வியை என்னிடம் கேட்டுப் பார்த்தேன். கிள்ளானில் ஒரு பையன் வரிசைக்கு வராமல் கதவோரம் நின்றான். "படம் எடுத்தாத்தான் பை கிடைக்கும், வா," என்று கூப்பிட்டது நான்தான். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டே வந்து நின்றான். அவர்கள் கேட்டது தகவல், நான் கேட்டது அவன் முகம். தேவையைக் கேட்காமல் போனது ஒரு தவறு. இது அதைவிடப் பெரிது.

இந்த வருஷம் முறையை மாற்றியிருக்கிறோம். முதலில் அந்த அம்மாவுக்குப் போன் செய்து பட்டியல் வாங்கினோம்: சப்பாத்து 17 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் அளவு. பட்டியலில் உள்ளதை மட்டும் சேர்க்கிறோம். பிள்ளைகளைப் படம் எடுக்கப் போவதில்லை. கணக்கைக் கிளைக் கூட்டத்தில் வைப்போம், கொடுத்தவர்களுக்கு அது போதும்.

வகுப்பில் கலந்து பேச:

1. நம் கிளை கடைசியாகச் செய்த உதவியில், பெறுபவரிடம் முன்கூட்டியே கேட்டது யார்? என்ன கேட்டார்?

2. படம் இல்லாமல் நன்கொடையாளர்களின் நம்பிக்கையை எப்படிக் காப்பது?

3. உங்கள் வீட்டில் யாருக்காவது உதவி கிடைத்தபோது, எது மனதுக்கு இதமாக இருந்தது, எது குத்தியது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல யாரையும் வற்புறுத்த வேண்டாம். மனதுக்குள் சொல்லிக்கொண்டாலே போதும்.