கணிப்பொறியின் கடிகாரமும் ஒரு சிறு மின்கலமும்

டில்லிப் பள்ளிகளுக்கு மே, ஜூன் மாதங்களில் கோடை விடுமுறை. அக்காலத்தில் கணிப்பொறி அறையின் மின்சாரம் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கும். ஜூலையில் பள்ளி திறந்ததும் பல்லாண்டுகள் உழைத்த மேசைக் கணிப்பொறியொன்றை ஆசிரியர் இயக்குகிறார். வழக்கமான காட்சி தோன்றவில்லை. நாளும் நேரமும் சரியில்லை என்னும் அறிவிப்பு திரையில் தோன்றி, ஒரு விசையை அழுத்துமாறு கேட்டு நிற்கிறது. அழுத்தினால் யந்திரம் இயங்குகிறது. ஆனால் தேதியோ பத்தாண்டுகளுக்கு முந்தியதாக இருக்கிறது.

யந்திரம் பழுதாகிவிட்டது எனக் கருதி, அதனைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடுவது எளிது. அவ்வாறு செய்யுமுன் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இத்தகைய நிலையில் செயலிழந்திருப்பது பெரும்பாலும் ஒரு நாணயத்தின் அளவேயுள்ள மின்கலம்தான். சில ரூபாய்களில் கிடைக்கும் அதனை மாற்றினால், கணிப்பொறி மேலும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும்.

மின்கலத்தின் பணி

கணிப்பொறியை நிறுத்திய பின்னரும் அதனுள் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குவார்ட்ஸ் படிகம் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும். மின்சுற்றும் அவ்வாறே பாதியாக்கிச் சென்று, வினாடிக்கு ஒரு துடிப்பைப் பெறுகிறது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இவ்வசதி இல்லை. யந்திரத்தை இயக்கும்போதெல்லாம் நாளையும் நேரத்தையும் கையாளுபவரே தட்டச்சு செய்ய நேர்ந்தது. 1984-இல் வெளிவந்த ஏ.டி. என்னும் வகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் உள்ளேயே அமைந்தது. யந்திரத்தின் தொடக்க அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் பணியும் அம்மின்கலத்தைச் சார்ந்ததாயிற்று.

இன்று பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் உள்ள மின்கலம் சி.ஆர். 2032 என்னும் வகையைச் சேர்ந்தது. முதலெழுத்து, அது லித்தியமும் மாங்கனீசு டையாக்சைடும் கொண்டது என்பதையும், இரண்டாவது எழுத்து வட்ட வடிவினது என்பதையும் குறிக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. அதன் மின்னழுத்தம் 3 வோல்ட். கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் 5 பங்கு மின்னோட்டத்தை ஏற்பதாகக் கொண்டால், மின்கலம் 44,000 மணி, அதாவது சுமார் ஐந்து ஆண்டு நீடிக்கும்.

கணிப்பொறி மின்செருகியுடன் இணைந்திருக்கும்வரை, பெரும்பாலான யந்திரங்களில் கடிகாரத்துக்கு வேண்டிய மின்சாரம் வெளியிலிருந்தே கிட்டுகிறது. இணைப்பு அறுந்தபின்னரே மின்கலத்தின் சேமிப்பு கரைகிறது. நீண்ட விடுமுறைக்குப் பிறகு இக்குறை வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே.

நேரப் பிழையால் விளையும் கேடு

இந்திய நிலையான நேரத்தைப் பேணும் பொறுப்பு புது டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தினுடையது. 1950-இல் திறக்கப்பட்ட இந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர், தமிழகத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். இங்குள்ள அணுக்கடிகாரங்களின் நேரத்தை இணையத்தின் வாயிலாகக் கணிப்பொறிகள் பெற்றுக்கொள்ளலாம். எனினும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கிவிட்டால், இத்திருத்தத்தைக் கணிப்பொறி தானாக ஏற்காமல் போகக்கூடும். பாதுகாப்புச் சான்றுகளின் காலவரையறை பொருந்தாமையால் இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும்.

கள அலுவலருக்கு இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மழைமானியின் அளவு, கிணற்று நீர்மட்டம், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைக் கணிப்பொறியில் ஏற்றும்போது, யந்திரம் தன் கடிகாரத்தின் தேதியையே கோப்பின்மீது பொறிக்கிறது. தவறான தேதியுடன் சேர்ந்துவிட்ட பதிவைப் பின்னர் திருத்துவது மிகவும் கடினம்.

குறையை அறிதல்

மாதத்திற்கு ஒரு நிமிடம் முன்பின்னாகச் செல்வது படிகத்தின் இயல்பு. அது மின்கலத்தின் குறையன்று. ஒவ்வொரு முறையும் தேதி ஒரே பழைய ஆண்டுக்குத் திரும்புமாயின் மின்கலமே காரணம் எனலாம். வோல்ட்மானியில் புதிய மின்கலம் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். அளவு 2.7-க்குக் கீழ் இறங்கியிருந்தால் மாற்றுதல் நன்று. விசிறியும் சுழலாமல், விளக்கும் எரியாமல் யந்திரம் முற்றிலும் அடங்கியிருந்தால், முதலில் மின்வழங்கியையும் கம்பிகளையும் சோதித்தல் வேண்டும்.

மாற்றும் முறை

யந்திரம் இயங்குமாயின் முக்கியமான கோப்புகளுக்குப் படி எடுத்துவைக்க வேண்டும். தொடக்க அமைப்புத் திரைகளைப் படம்பிடித்துக்கொள்ளலும் அவசியம். மின்கலத்தை அகற்றியதும் அவ்வமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பிவிடலாம். வட்டினைப் படிக்கும் முறை மாறி, யந்திரம் தொடங்க மறுப்பதும் உண்டு. வட்டு மறைகுறியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுச்சொல் கைவசம் இருத்தல் வேண்டும்.

பின்னர் கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இயக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னூட்டம் வடியும். மரமேசையின்மீது பெட்டியைப் படுக்கவைத்து, பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை அகற்றலாம். டில்லியின் புழுதிக்காற்று பல ஆண்டுகளில் உள்ளே படியவைத்த தூசியை மென்மையான தூரிகையால் நீக்குவது நலம்.

வறண்ட காற்று வீசும் கோடையிலும், கம்பளி உடுக்கும் குளிர்காலத்திலும் உடலில் நிலைமின்சாரம் சேரும். ஆதலால் உட்பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். மின்வழங்கியின் மூடிய பெட்டியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது; செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் அபாயமான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தாய்ப்பலகையில் மின்கலம் பளபளக்கும் வட்டமாகக் காணப்படும். + குறியுள்ள முகம் எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலுள்ள சிறு கொக்கியை மெல்லத் தள்ளினால் மின்கலம் தானே எழும். திருப்புளியால் நெம்பினால் பலகையின் மெல்லிய செம்புக் கோடுகள் அறுபடும். அதே வகைப் புதிய மின்கலத்தை அதே திசையில் வைத்து அழுத்தி, பெட்டியை மூடி, நாளையும் நேரத்தையும் முன்னைய அமைப்புகளையும் மீண்டும் பதிய வேண்டும்.

1980-களையும் 1990-களின் முற்பகுதியையும் சேர்ந்த சில யந்திரங்களில் நிக்கல்-காட்மியம் மின்கலம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கசியும் காரம் செம்பை அரித்துவிடும். பச்சை அல்லது வெண்ணிறப் படிவு காணப்பட்டால் வெறுங்கையால் தொடாமல், பழகிய தொழிலாளரிடம் ஒப்படைப்பதே தக்கது.

பழைய மின்கலம்

அகற்றிய மின்கலத்தைச் சிறுவர் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்த வேண்டும். சிறு குழந்தை விழுங்கினால், அது தொண்டைக்குழாயில் சிக்கி, மின்னோட்டத்தால் உண்டாகும் காரம் இரண்டு மணி நேரத்திற்குள் திசுவை எரித்துப் புண்ணாக்கும். அந்நிலையில் வாந்தி எடுக்கச் செய்யாமல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அகற்றிய மின்கலத்தின் இருமுகங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, தனியே சேர்த்துவைக்க வேண்டும். மின்கலங்களைப் பிற குப்பையுடன் கலத்தலாகாது என்பது 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின் கட்டளையுமாகும்.

டில்லியின் சீலம்பூர், மண்டோலி முதலிய பகுதிகளில் கழித்த கணிப்பொறிகளைக் கையால் உடைத்தும், கம்பிகளை எரித்தும், பலகைகளை அமிலத்தில் தோய்த்தும் உலோகம் பிரித்துப் பிழைத்தவர் பலர். அப்புகையையும் அமில ஆவியையும் சுவாசித்தவர் அவர்களே. ஒரு சிறு மின்கலத்தின் குறைக்காக முழுக் கணிப்பொறியைக் கழிப்பது, அவர்களது மூச்சில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

வகுப்பறைப் பயிற்சி

1. 32,768-ஐப் பதினைந்து முறை பாதியாக்கி, ஒவ்வொரு படியையும் மாணவர் எழுதுக.

2. கடிகாரம் ஏற்கும் மின்னோட்டம் இருமடங்கானால் மின்கலம் எத்தனை ஆண்டு நீடிக்கும் எனக் கணக்கிடுக.

3. பள்ளியிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் மின்கலம் மாற்றிய தேதியைச் சிறு சீட்டில் எழுதிப் பெட்டியின்மீது ஒட்டுக. அடுத்த முறை பெட்டியைத் திறப்பவருக்கு அச்சீட்டே வழிகாட்டியாகும்.